பல்கலைக்கழகத்தில் முன்னாள் மாணவர் தொடர்பும் நிதி திரட்டலும்: பழைய கணக்கை முடிக்காமல் புதிதாகக் கேட்கலாமா?

கேள்வி: பொதிகைச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் இதழியல் கற்பித்த நான், சென்ற மாதம் முதல் முன்னாள் மாணவர் தொடர்புக்கும் நிதி திரட்டலுக்கும் பொறுப்பான இயக்குநராக நியமிக்கப்பட்டிருக்கிறேன். இதுவரை இவை இரண்டும் தனித்தனி வேலைகளாக நடந்து வந்தன. செய்திமடலும் ஆண்டுக் கூடுகையும் மக்கள் தொடர்பு அலுவலரிடம் இருந்தன. நன்கொடை கேட்கும் கடிதங்கள் பதிவாளர் அலுவலகத்திலிருந்து சென்றன. ஒருவர் எழுதுவது மற்றவருக்குத் தெரியாத காரணத்தால், ஒரே மாதத்தில் ஒரே மனிதருக்கு அவருடைய பதவி உயர்வைப் பாராட்டி ஒரு கடிதமும், அவர் இதுவரை எதுவும் அளிக்கவில்லை என்ற பொருள்பட இன்னொரு கடிதமும் போயிருக்கின்றன. இரண்டையும் ஒன்றாக இணைத்து அனுப்பி, ‘எதற்கு நான் பதில் எழுத வேண்டும்?’ என்று அவர் கேட்டிருந்தார். அந்தக் கடிதம்தான் இந்தப் பொறுப்பில் நான் திறந்த முதல் கோப்பில் இருந்தது.

இன்னும் இரண்டு ஆண்டுகளில் பொன்விழா வருகிறது. அதற்குள் 5 கோடி ரூபாய் திரட்ட வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டின் எதிர்பார்ப்பு. என் கையில் இருப்பது 62,000 வரிகள் கொண்ட ஓர் எக்செல் கோப்பு. அவற்றில் மின்னஞ்சல் முகவரி உள்ளவை ஏறத்தாழ 9,000. முதலில் 500 பேருக்கு ஒரு வாழ்த்து மட்டும் அனுப்பிப் பார்த்தேன். பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. பெண்களின் வரிகளில் பெரும்பாலும் தந்தையின் கைப்பேசி எண்ணும் பிறந்த வீட்டு முகவரியும் இருக்கின்றன. அப்படி ஓர் எண்ணை அழைத்தபோது எடுத்த பெரியவர், மகளுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே திருமணமாகி அவர் கோவையில் இருப்பதாகச் சொல்லி, ‘மார்க் ஷீட்டில் ஏதாவது பிரச்சினையா அம்மா?’ என்று பதற்றத்தோடு கேட்டார். பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தால் அந்த வீட்டில் முதலில் தோன்றுவது அச்சம் என்பதை அன்று உணர்ந்தேன்.

இவற்றையெல்லாம் விட என்னை உறுத்துவது வேறொன்று. 2014இல் நூலகத்தை ஒட்டிப் படிப்பறை கட்டுவதற்காக 412 முன்னாள் மாணவர்களிடமிருந்து 18,40,000 ரூபாய் திரட்டப்பட்டது. சுவரும் கூரையும் எழுந்தன; மின் இணைப்பு வரவில்லை; பிறகு அந்த அறை விடைத்தாள் கட்டுகளை அடுக்கி வைக்கும் கிடங்காகிவிட்டது. கொடுத்தவர்களுக்கு ரசீது போனது. அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் போகவில்லை. இப்போது நான் அனுப்பிய வாழ்த்துக்கு வந்த பதில்களில் ஏழு பேர் அந்தப் படிப்பறையைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஒருவர், ‘அங்கே மின்விசிறி சுற்றுகிறதா?’ என்று மட்டும் எழுதியிருந்தார்.

இந்த விவகாரத்தைக் கிளறாமல், பொன்விழாவைப் புதிய தொடக்கமாக வைத்து முன்னே போக வேண்டும் என்பது அலுவலகத்தில் மூத்தவர்கள் சிலரின் அறிவுரை. என் மனம் அதை ஏற்கவில்லை. ஆனால் அனுபவம் இல்லாதவள் என்பதால் கேட்கிறேன். முதல் ஆண்டில் எதைச் செய்ய வேண்டும்? பழைய கணக்கை வெளிப்படையாகச் சொன்னால் வரவிருக்கும் கொடை நின்றுவிடுமா? தொடர்பையும் நிதி திரட்டலையும் ஒரே அலுவலகம் பார்ப்பது சரிதானா? இந்த வேலையைச் செய்தவர்களும், கொடுத்தவர்களும் பதில் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: கடலோரச்சாலை

சென்னையில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் முன்னாள் மாணவர் அலுவலகத்தில் 11 ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அம்மா, படிப்பறையை முடித்துவிட்டுத்தான் நீங்கள் எதையும் கேட்க வேண்டும். மூத்தவர்கள் சொல்லும் புதிய தொடக்கம் நடைமுறையில் இயலாத ஒன்று, ஏனென்றால் அந்த 412 பேர்தான் உங்கள் பல்கலைக்கழகத்துக்கு ஏற்கெனவே கொடுத்துக் காட்டியவர்கள். அறிமுகமில்லாத 61,000 பேரில் ஒருவரைக் கொடையாளராக்குவதற்கு ஆகும் உழைப்பில் பத்தில் ஒரு பங்கு கூட, முன்பு கொடுத்த ஒருவரை மீண்டும் கொடுக்க வைப்பதற்கு ஆகாது என்பதே என் அனுபவம். அவர்களை விட்டுவிட்டுப் புதியவர்களைத் தேடுவது, விளைந்த வயலைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கரட்டை உழப் போவது போன்றது. மேலும் அந்த 412 பேரும் ஏதாவதொரு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் இருப்பார்கள். உங்கள் பொன்விழா அழைப்பு அந்தக் குழுவில் வந்து விழும் அன்று அவர்களில் ஒருவர் என்ன எழுதுகிறாரோ, அதைத்தான் மற்ற எண்பது பேரும் நம்புவார்கள்.

5 கோடி என்ற இலக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி. 2023-24 நிதியாண்டில் முன்னாள் மாணவர்கள், நிறுவனங்கள், தனிக் கொடையாளர்கள் ஆகியோரிடமிருந்து 513 கோடி ரூபாய் திரட்டியது என்ற செய்தியைப் படித்த பிறகு, தமிழ்நாட்டின் ஒவ்வொரு பல்கலைக்கழகக் கூட்டத்திலும் இப்படி ஓர் எண் முன்வைக்கப்படுகிறது. அதே நிறுவனத்துக்கு 2024இல் 228 கோடி ரூபாய் அளித்த கிருஷ்ணா சிவுகுலா, அங்கு எம்.டெக். முடித்தது 1970இல். இடையில் 54 ஆண்டுகள் இருக்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.க்கு நந்தன் நிலேகனி 2023இல் 315 கோடி ரூபாய் அளித்தபோது, அந்த நிறுவனத்தோடு அவருக்கு இருந்த உறவுக்கு வயது 50. அதற்கு முன்பே அவர் 85 கோடி அளித்திருந்தார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு மாணவர் உதவித்தொகைக்காக 2018இல் 180 கோடி டாலர் தந்த மைக்கேல் புளூம்பெர்க், பட்டம் பெற்ற மறு ஆண்டில் அங்கு தந்த முதல் கொடை 5 டாலர். அந்த 5 டாலருக்கு ஒரு ரசீதும் நன்றியும் போயிருக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சிண்டிகேட்டிடம் இந்த விவரங்களை வைத்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்குத் தொகையை இலக்காக வைக்காமல் கொடுப்பவர்களின் எண்ணிக்கையை இலக்காக வைக்கும்படி கேளுங்கள். இரண்டாயிரம் பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தால் வருவது 20 லட்சம்தான். ஆனால் பத்தாண்டுகள் கழித்து உங்கள் இடத்தில் இருக்கப் போகிறவருக்கு அந்த இரண்டாயிரம் பெயர்கள் பெருஞ்செல்வம்.

முகவரிகளைப் பற்றி: உங்கள் முன்னாள் மாணவர்கள் தாமாகவே உங்களைத் தேடி வரும் இடம் ஒன்று இருக்கிறது. அது தேர்வுப் பிரிவின் சன்னல். வெளிநாடு செல்பவர்கள் டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் மதிப்பெண் விவரச் சான்று வாங்கவும், அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் உண்மைத்தன்மைச் சான்று பெறவும், பழைய சான்றிதழைத் தொலைத்தவர்கள் நகல் கேட்டும் அங்கே வருகிறார்கள். நான் பணியாற்றிய நிறுவனத்தில் அந்தச் சன்னல் காலை 11 மணிக்குத் திறந்து 1 மணிக்கு மூடப்படும். தூத்துக்குடியிலிருந்து இரவுப் பேருந்தில் வந்து, உரிய செலான் இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருவரை நான் மரத்தடியில் சந்தித்துப் பேசியிருக்கிறேன். அவர் அன்று ஒரு பெரிய மருந்து நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தார். எங்கள் செய்திமடல் அவருக்கு மாதந்தோறும் போய்க்கொண்டுதான் இருந்தது. வழவழப்பான தாளில் எவ்வளவு அழகாக எழுதினாலும், அந்தச் சன்னலில் அவருக்குக் கிடைத்த சொல்லைத்தான் பல்கலைக்கழகத்தின் சொல்லாக அவர் எடுத்துக்கொண்டார்.

பிறகு நாங்கள் செய்தது இது. சான்றிதழ் விண்ணப்பத்தை இணையத்துக்கு மாற்றி, அதிலேயே தற்போதைய முகவரி, பணி, படித்தபோது இருந்த பெயர், இப்போதைய பெயர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் வைத்தோம். முன்னாள் மாணவர் அலுவலகம் உங்களைத் தொடர்புகொள்ளலாமா என்ற கேள்வியைத் தனியாகக் கேட்டோம். அந்த ஒப்புதல் இல்லாமல் அந்த விவரங்களை நீங்கள் எடுத்துப் பயன்படுத்தக் கூடாது. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே ஒப்புதல்தான். சான்றிதழ் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், சரியாகக் கிடைத்ததா என்று ஒருவர் அழைத்துக் கேட்பார். பணப்பேச்சே இருக்காது. இரண்டு ஆண்டுகளில் எங்களுக்குக் கிடைத்த நம்பகமான முகவரிகளில் பெரும்பகுதி இந்த வழியில் வந்தவைதான். பெண் பட்டதாரிகளைப் பொறுத்தவரை அலுவலகத்திலிருந்து தேடிப் பயனில்லை. ஒரு வகுப்பில் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டால், அவர் விடுதித் தோழிகள் பதினைந்து பேரை அவரே அழைத்து வந்துவிடுவார்.

ஒரே அலுவலகம் பார்ப்பது சரிதான். ஆனால் உங்களோடு குறைந்தது மூன்று பேர் வேண்டும்: பட்டியலைத் திருத்திக்கொண்டே இருக்க ஒருவர், எழுத ஒருவர், வந்த பணம் எந்தத் தலைப்பில் எங்கே இருக்கிறது என்று கேட்ட கணத்தில் சொல்ல ஒருவர். மூன்றாமவர் கிடைக்காவிட்டால் பொறுப்பை ஏற்கத் தயங்குங்கள் என்றே சொல்வேன்.

பதில்: ஹட்சன் கரை

நான் கொடுப்பவர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் 1996இல் வேதியியல் முதுகலை முடித்து, இப்போது நியூஜெர்சியில் வசிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். விடுதிக் கட்டணத்தை மூன்று மாதம் கட்ட முடியாமல் இருந்தபோது, காப்பாளர் தன் கையிலிருந்து கட்டியது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. அவர் இறந்த பிறகு அவர் பெயரில் ஓர் உதவித்தொகை ஏற்படுத்த விரும்பி, 2,000 டாலர் அனுப்ப முயன்றேன். பல்கலைக்கழகம் கொடுத்த சாதாரண வங்கிக் கணக்குக்கு அனுப்பிய பணம் ஐந்து வாரம் கழித்து, கட்டணம் பிடிக்கப்பட்டுத் திரும்பி வந்தது. ஏன் என்று மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. நான் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவன் என்பதும், அதனால் விதிகள் வேறு என்பதும் அங்கே யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. பிறகு அத்துறையின் இளம் பேராசிரியை ஒருவர் தாமாக முயன்று, நான்கு மாதத்தில் வழியைக் கண்டுபிடித்துத் தந்தார்.

இன்று வரை நான் தொடர்ந்து கொடுப்பதற்கும் அவரே காரணம். ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் அவரிடமிருந்து ஒரு பக்கக் கடிதம் வரும். அந்த ஆண்டு உதவித்தொகை பெற்ற மாணவி எந்த ஊர், என்ன செலவுக்கு எவ்வளவு போயிற்று, எவ்வளவு மீதம் என்பது மட்டும் அதில் இருக்கும். மாணவியின் பெயரோ படமோ இருக்காது. அவர் சங்கடப்படுவார் என்பதால் வேண்டாம் என்று நாங்கள் இருவரும் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டோம். ஓர் ஆண்டு, ‘ஆய்வக மேலங்கி, தேர்வுக் கட்டணம், பேருந்துப் பயணம் போக 640 ரூபாய் மீதமிருந்தது, அவர் கேட்டதன்பேரில் கணிப்பான் வாங்கிக் கொடுத்தோம்’ என்று எழுதியிருந்தார். அந்த 640 ரூபாய்க்குக் கணக்கு சொல்லத் தெரிந்தவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று என் மனைவி சொன்னார். மறு ஆண்டு தொகையை இரட்டிப்பாக்கினோம்.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை, அதாவது தமிழுக்கென நிலையான பேராசிரியர் பதவி, அமைக்க 60 லட்சம் டாலர் திரட்டப்பட்ட காலத்தில் நானும் சிறு தொகை அளித்தேன். முதலில் இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் தந்து தொடங்கிவைத்தார்கள்; தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது; நடுவே எங்களைப் போன்ற எண்ணற்றோர் கொடுத்தோம். பிறகு டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகத்தில் தமிழ் இருக்கை அமைக்க 30 லட்சம் கனடிய டாலர் திரட்டும் முயற்சியில் ஈழத்தமிழ்ச் சொந்தங்கள் ஊர்ச் சங்கங்கள் வழியாகவும் கலைநிகழ்ச்சிகள் வழியாகவும் பங்களித்ததைப் பார்த்தேன். இரண்டிலும் கேட்கப்பட்ட தொகை எவ்வளவு, அது சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது கொடுக்கும் கடைசி மனிதருக்கும் தெரிந்திருந்தது. ‘பல்கலைக்கழக வளர்ச்சிக்காக’ என்று கேட்டால் எங்களுக்கு எதுவும் கண்ணில் தெரிவதில்லை. வேதியியல் துறையில் பழுதான எடைத்தராசு ஒன்றின் விலையைச் சொல்லிக் கேளுங்கள். அந்தத் தராசில் எடை போட்டவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறோம்.

பதில்: பேரேடு

கணக்குத் தணிக்கைத் துறையில் இருப்பவன் நான். மேலே நண்பர் சொன்ன சிக்கல் மிகவும் பொதுவானது என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

வெளிநாட்டில் வசித்தாலும் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டுப் பங்களிப்பாகக் கருதப்படாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் அனுப்பினால், அவரிடம் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், அது 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அத்தகைய பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவுக்கு அதில் 20 விழுக்காட்டுக்கு மேல் எடுக்க முடியாது. வாங்கிய தொகையை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. கடைசி விதி உங்களுக்கு முக்கியம், ஏனென்றால் பல இடங்களில் பணத்தைப் பெறுவது பழைய மாணவர் சங்கம், செலவிடுவது பல்கலைக்கழகம். சட்டத்தின் வழி அமைக்கப்பட்டு, இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் தணிக்கைக்குக் கட்டாயமாக உட்பட்ட அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் அந்த வரையறைக்குள் வருகிறதா என்பதை நிதி அலுவலரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே வெளிநாட்டுக்கு முதல் கடிதத்தை அனுப்புங்கள். ஆகவே உங்கள் எக்செல் கோப்பில் வசிக்கும் நாடு என்ற பத்திக்குப் பக்கத்தில் குடியுரிமை என்ற பத்தியும் தேவை.

உள்நாட்டுக் கொடைக்கு: வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் கொடையாளருக்கு வரிவிலக்கு உண்டு என்பதை விளம்பரத்தின் தலைப்பாக்காதீர்கள். புதிய வரிமுறையில் அந்த விலக்கு கிடையாது. 2023-24 நிதியாண்டு முதல் புதிய முறையே இயல்பான தேர்வாகிவிட்டதால், உங்கள் ஊதியம் பெறும் முன்னாள் மாணவர்களில் பலருக்கு அது பயன்படாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் எந்த முறையிலும் கிடையாது. பயன்படுபவர்களுக்கு வெறும் ரசீது போதாது. ஆண்டு முடிந்து மே 31க்குள் கொடையாளர் பட்டியலை 10பிடி படிவத்தில் வருமான வரித்துறைக்கு அளித்து, அதிலிருந்து வரும் 10பிஇ சான்றிதழை ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும். பிந்தினால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. பழைய எண்களோடு ஆயிரக்கணக்கில் ரசீது அச்சடிக்கும் முன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படிப்பறைப் பணத்தைப் பற்றி ஒரு கேள்வி. மின் இணைப்பு தரப்படவில்லை என்றால் மீதித்தொகை எங்கோ இருக்க வேண்டும். ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற கொடையைப் பொதுக் கணக்கில் கலந்து வைப்பது தணிக்கைக் குறை. அதைக் கண்டுபிடித்து, அந்நாள் முதல் இந்நாள் வரையிலான வட்டியோடு தனித் தலைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். அது சலுகையாகக் கேட்கும் விஷயமே இல்லை, உரிமையோடு கேட்கலாம்.

பதில்: பழைய வகுப்பறை

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியன் நான். மேலே எழுதியவர்களின் கருத்துகளோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஓரிடத்தில் மட்டும் வேறுபடுகிறேன். ஓர் அலுவலகமாக இருக்கட்டும். ஆனால் செய்திமடலில் வங்கிக் கணக்கு எண்ணை அச்சிடாதீர்கள். ஒவ்வொரு இதழின் கடைசிப் பக்கத்திலும் கொடை கேட்டால், முதல் பக்கத்தில் நீங்கள் எழுதும் எந்தச் செய்தியையும் அவர்கள் கடைசிப் பக்கத்துக்கான முன்னுரையாகவே படிப்பார்கள். கேட்கும் கடிதம் ஆண்டுக்கு ஒன்று, தனியாகப் போகட்டும். செய்திமடலில் மாணவர்களைப் பற்றி எழுதுங்கள். என் காலத்து இதழ்களின் பக்கங்களில் பொன்னாடை போர்த்தும் படங்கள் நிறைந்திருந்தன. தேனியிலிருந்து வந்து கல்வெட்டியல் படித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பற்றி ஒரு பத்தி எழுத இடமில்லை என்றார்கள். எனக்கு அது இன்றும் வருத்தம்தான்.

தரமதிப்பீட்டுக் குழு வரும் ஆண்டில் மட்டும் பழைய மாணவர் சங்கத்தை எழுப்பும் வழக்கத்தையும் கைவிடச் செய்யுங்கள். உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று அளிக்கும் தேசிய அமைப்பான நாக் (NAAC) செய்யும் மதிப்பீட்டின் ஐந்தாம் அளவுகோலில் முன்னாள் மாணவர் பங்களிப்புக்கு மதிப்பெண் உண்டு என்பதால், சங்கப் பதிவைப் புதுப்பித்து, அவசரமாக ஒரு கூட்டம் நடத்திப் படம் எடுத்துக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அழைக்கப்பட்டு வந்தவர்களுக்கு அந்த அவசரத்தின் காரணம் புரியாமல் இருக்காது.

அறக்கட்டளைச் சொற்பொழிவுகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நம் பல்கலைக்கழகங்களில் தந்தையின் பெயரில், ஆசிரியரின் பெயரில், 25,000 ரூபாயும் 1 லட்சம் ரூபாயும் கொடுத்து நிறுவப்பட்ட அறக்கட்டளைகள் துறைதோறும் இருக்கின்றன. மூலத்தொகையைத் தொடாமல் வட்டியைக் கொண்டு ஆண்டுக்கொரு பொழிவு நடத்த வேண்டும் என்பதே ஒப்பந்தம். 12 விழுக்காடு வட்டி கிடைத்த காலத்தில் 1 லட்சத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் வந்தது. இன்று 7 விழுக்காட்டில் 7,000 வருகிறது. பேச்சாளரின் பயணச் செலவுக்கே அது போதாது. அதனால் மூன்று அறக்கட்டளைகளை ஒரே பிற்பகலில் ஒரே பேச்சாளரைக் கொண்டு முடித்துவிடுகிறார்கள், அல்லது நடத்தாமலே விட்டுவிடுகிறார்கள். நிறுவியவரின் பிள்ளைகளுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. நான் துறைத்தலைவராக இருந்தபோது அப்படி நின்றுபோன ஒரு பொழிவைப் பற்றி நிறுவியவரின் மகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். மதுரையில் ஆசிரியையாக இருந்த அவர், தன் பணி ஓய்வுத்தொகையிலிருந்து 2 லட்சம் ரூபாயை மூலத்தொகையோடு சேர்த்தார். பொழிவன்று முன்வரிசையில் அமர்ந்து, தந்தையின் பெயர் அழைக்கப்பட்டபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பொன்விழாவுக்கு நீங்கள் எழுத வேண்டிய முதல் குடும்பங்கள் இவர்கள்தாம்.

பெயர் சூட்டும் வேட்கையில் மட்டும் அவசரம் வேண்டாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம், சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்த எலிஹு யேலின் பெயரைத் தாங்கியது. 1718இல் அவர் அனுப்பிய ஒன்பது பொதி சரக்குகளை விற்றதில் 562 பவுண்டு கிடைத்தது. 417 நூல்களும் மன்னர் முதலாம் ஜார்ஜின் படமும் உடன் வந்தன. அவ்வளவுக்குக் கல்லூரி தன் பெயரையே அவருக்குக் கொடுத்தது. தனிவணிகத்தில் ஆதாயம் தேடினார் என்ற குற்றச்சாட்டில் பதவி இழந்தவர் அவர் என்பதும், அவர் ஆட்சிக்காலத்தில் சென்னைத் துறையிலிருந்து அடிமைகள் ஏற்றுமதியானதும், முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அங்கே விவாதப்பொருளாக இருக்கின்றன. எந்தக் கொடையை ஏற்கலாம், எதற்குப் பெயர் சூட்டலாம், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை ஒரு பக்க விதியாக எழுதி, பணம் வருவதற்கு முன்பே சிண்டிகேட்டில் நிறைவேற்றி வைத்துக்கொள்ளுங்கள். செல்வந்தர் ஒருவர் காசோலையோடு எதிரே அமர்ந்திருக்கும்போது விதி எழுத முடியாது.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்த அழகப்பச் செட்டியாரின் மண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் நாம். கொடுக்கும் மனம் இங்கே குறைந்துவிடவில்லை, அம்மா. கேட்கும் முறைதான் திருந்த வேண்டும்.

பொதிகைச்சாரல்

நால்வருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் பதில்களை அச்செடுத்துக்கொண்டு துணைவேந்தரைச் சந்தித்தேன். ‘பேரேடு’ ஐயா சொன்னபடியே நிதி அலுவலர் பழைய கோப்புகளைத் தேடியதில், படிப்பறைக்கு 11,75,000 ரூபாய் செலவாகி, 6,65,000 ரூபாய் பொதுக் கணக்கில் கலந்து கிடப்பது தெரிந்தது. வட்டியைக் கணக்கிட்டுத் தனித் தலைப்புக்கு மாற்ற ஆணையாகியிருக்கிறது. விடைத்தாள் கட்டுகளை வேறிடத்துக்கு மாற்றத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒப்புக்கொண்டார். மின் இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டோம். தேர்வுப் பிரிவுச் சன்னலருகே நேற்று இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். வந்த 19 பேரில் 6 பேர் தவறான செலானால் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த ஆறு பேரின் பெயரையும் எண்ணையும் அவர்கள் ஒப்புதலோடு குறித்துக்கொண்டு, அவர்களுக்கான சான்றிதழை வாங்கி அஞ்சலில் அனுப்பும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன்.

412 பேருக்கு அனுப்ப நான் எழுதியிருக்கும் கடிதம் இது. குறை இருந்தால் சொல்லுங்கள்.

‘மதிப்பிற்குரிய முன்னாள் மாணவருக்கு, வணக்கம். நம் பல்கலைக்கழகம் பொன்விழாவை நெருங்கும் இவ்வேளையில், தாங்கள் 2014இல் படிப்பறைக்காக அளித்த கொடையை நன்றியோடு நினைவுகூர்கிறோம். தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால் அப்பணி முழுமையடையவில்லை. திரண்ட 18,40,000 ரூபாயில் 11,75,000 ரூபாய் கட்டுமானத்துக்குச் செலவிடப்பட்டது. மீதமுள்ள 6,65,000 ரூபாய் வட்டியோடு தனிக் கணக்கில் வைக்கப்பட்டு, மின் இணைப்புக்கும் மேசை நாற்காலிகளுக்கும் பயன்படுத்தப்படும். செலவுப் பட்டியலின் படியை இத்துடன் இணைத்துள்ளோம். இத்தனை ஆண்டுகள் தங்களுக்குத் தெரிவிக்காமல் இருந்ததற்கு வருந்துகிறோம். இக்கடிதத்தின் நோக்கம் கணக்கைத் தெரிவிப்பது மட்டுமே. கொடை எதுவும் கேட்கவில்லை. அறை திறக்கப்படும் நாளன்று மீண்டும் எழுதுவோம்.’

பதில்: ஹட்சன் கரை

நல்ல கடிதம். மூன்று திருத்தங்கள் மட்டும் சொல்கிறேன். பொன்விழாவைப் பற்றிய முதல் வாக்கியத்தை எடுத்துவிடுங்கள். அதைப் படித்ததும் அடுத்து பணம் கேட்கப் போகிறார்கள் என்று எண்ணிப் பாதிப் பேர் மடித்து வைத்துவிடுவார்கள். ‘தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால்’ என்பதற்குப் பதிலாக, அந்த அறை இத்தனை ஆண்டுகள் விடைத்தாள் கிடங்காக இருந்தது என்பதை அப்படியே எழுதுங்கள். ‘முன்னாள் மாணவருக்கு’ என்ற இடத்தில் ஒவ்வொருவரின் பெயரும், அவர் கொடுத்த தொகையும், நாளும் இருக்கட்டும். 412 பெயர்கள்தானே, இரண்டு நாளில் எழுதிவிடலாம்.

மின்விசிறியைப் பற்றிக் கேட்டவருக்கு மட்டும் கடிதத்தை இப்போது அனுப்ப வேண்டாம். இணைப்பு வந்த அன்று நீங்களே அவரை அழைத்துச் சொல்லுங்கள்.

பொதிகைச்சாரல்

மூன்றையும் திருத்திவிட்டேன். அவருடைய எண்ணைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.